பேபி ரூத் நிஜமாகவே சொல்லி அடித்தாரா? பேஸ்பால் ஜாம்பவான்களின் கதையும் கணக்கும்

கேள்வி இதுதான்: "கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன் நான். பேபி ரூத் கை நீட்டிக் காட்டிவிட்டு அந்தத் திசையிலேயே அடித்தார், சாட்செல் பெய்ஜ் தன் ஃபீல்டர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பந்து வீசினார் என்றெல்லாம் படிக்கிறேன். இதில் எது நடந்தது, எது கட்டுக்கதை? யாரிடமிருந்து ஆரம்பித்தால் நன்றாக இருக்கும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சாட்செல் பெய்ஜ். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

பேஸ்பால்காரர்கள் கணக்குப் பைத்தியங்கள். 1900-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில் யார் எத்தனை முறை அடித்தார், யார் எத்தனை தப்பு செய்தார் என்பதை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் 1947 வரை வெள்ளையர்களுக்கு மட்டும். கறுப்பின வீரர்கள் தனியாக 'நீக்ரோ லீக்' என்று அன்று அழைக்கப்பட்ட லீக்குகளில் ஆடினார்கள். அங்கே ஆட்டத்துக்குக் குறைவில்லை, கணக்கு எழுத ஆளும் பணமும்தான் குறைவு. அதனால் ரூத்தைப் பற்றிய கதையைக் கணக்கை வைத்துச் சரிபார்க்கலாம். பெய்ஜைப் பற்றிய கதைக்குப் பல இடங்களில் அந்தக் கதையேதான் சாட்சி. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு அவசரமாக நாலு விஷயம். பந்து வீசுபவர் பிட்சர், பின்னால் நின்று பிடிப்பவர் கேட்சர். பேட்டர் அடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் அது ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். பிட்சர் நாலு பந்தைப் பேட்டருக்கு எட்டாத வைடு மாதிரி வீசிவிட்டால் பேட்டர் சும்மா நடந்தே முதல் பேஸுக்கு, அதாவது ரன்னுக்காகச் சுற்றிவர வேண்டிய நாலு மூலைகளில் முதலாவதற்கு, போய்விடலாம். பேட்டிங் சராசரி நம் கிரிக்கெட் சராசரி மாதிரி இல்லை. பத்து வாய்ப்பில் மூன்று முறை ஒழுங்காக அடித்து பேஸுக்குப் போனால் .300. வாழ்நாள் முழுக்க அதைக் காப்பாற்றினாலே பெரிய ஆள்.

சரி, பேபி ரூத். பால்டிமோரில் 1895-ல் பிறந்தவர். அப்பா மதுக்கடை நடத்தியவர். அடங்காத பையன் என்று ஏழு வயதிலேயே செயின்ட் மேரிஸ் என்ற கத்தோலிக்கத் தொழிற்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சட்டை தைக்கக் கற்றுக்கொண்டார். பிரதர் மத்தையஸ் என்ற துறவியிடம் பந்தடிக்கவும் கற்றுக்கொண்டார். 1914-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு வந்தபோது அவர் பிட்சர், அதுவும் சாதாரணப் பிட்சர் இல்லை. 1916-ல் மட்டும் 23 ஆட்டங்கள் வென்றார். உலகத் தொடர் எனப்படும் ஆண்டு இறுதிப் போட்டிகளில் தொடர்ந்து 29 இன்னிங்ஸுக்கு மேல் (இங்கே ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) ஒரு ரன் கூடக் கொடுக்காமல் வீசிய அவருடைய சாதனை 1961 வரை நின்றது. பேட்டைப் பிடிக்காமலே இருந்திருந்தாலும் அவரைப் பற்றி நாலு பேர் எழுதியிருப்பார்கள்.

1919-ம் ஆண்டு முடிவில் ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஹாரி ஃப்ரேசி அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு 1,00,000 டாலருக்கு விற்றார். அடுத்த ஆண்டே ரூத் 54 ஹோம் ரன் அடித்தார் (வேலியைத் தாண்டிப் போகும் அடி, நம் சிக்ஸர் மாதிரி). அந்த ஆண்டு மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் யாங்கீஸைத் தவிர வேறு எந்த அணியும் மொத்தமாகச் சேர்ந்துகூட 54 அடிக்கவில்லை. 1927-ல் 60, மொத்தம் 714. பாஸ்டன்காரர்கள் 1918-க்குப் பிறகு 2004-ல்தான் மறுபடி பட்டம் வென்றார்கள். 'ரூத் விட்ட சாபம்' என்று பத்திரிகைகள் காலம் தள்ள அது உதவியது. எனக்கு அந்தச் சாபக் கதையில் சுவாரசியம் கிடையாது. மோசமாக நடத்தப்பட்ட ஓர் அணி தோற்றது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட கை நீட்டிய கதைக்கு வருவோம். 1932 அக்டோபர் 1, சிகாகோ ரிக்லி ஃபீல்டு, உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். ஆட்டம் 4-4. சிகாகோ கப்ஸ் அணிக்கும் யாங்கீஸுக்கும் ஏற்கெனவே வாய்ச்சண்டை. யாங்கீஸின் பழைய ஆட்டக்காரர் மார்க் கோனிக் அந்த ஆண்டு பாதியில் கப்ஸுக்குப் போய் அவர்களைக் கரை சேர்த்தவர். பரிசுப் பணத்தைப் பிரிக்கும்போது கப்ஸ் வீரர்கள் அவருக்குப் பாதிப் பங்குதான் கொடுத்தார்கள். "கஞ்சப் பயல்களே" என்று யாங்கீஸ் கத்த, கப்ஸ் பெஞ்சிலிருந்து ரூத்தின் தொப்பையையும் வயதையும் இழுத்து வசவு. ஐந்தாவது இன்னிங்ஸில் பிட்சர் சார்லி ரூட் ஒரு ஸ்ட்ரைக் போட்டதும் ரூத் ஒரு விரலைக் காட்டினார். இரண்டாவது ஸ்ட்ரைக்குக்கு இரண்டு விரல். பிறகு கையை நீட்டி ஏதோ சைகை. அடுத்த பந்து மைதானத்தின் நடுப்பகுதி வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அடுத்து வந்த லூ கெரிக்கும் ஒரு ஹோம் ரன் அடித்தார். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை, பாவம்.

அன்று மைதானத்தில் இருந்த நிருபர்களில் ரூத் 'சொல்லி அடித்தார்' என்று உடனே எழுதியவர்கள் மிகக் குறைவு. நாள் ஆக ஆகத்தான் கதை வளர்ந்தது. ரூத்தே முதலில் மழுப்பினார். ஊர் நம்ப ஆரம்பித்ததும் தானும் சேர்ந்துகொண்டார். சார்லி ரூட் சாகும்வரை மறுத்தார். அப்படி அவர் கை நீட்டியிருந்தால் அடுத்த பந்து அவர் உடம்பில்தான் பட்டிருக்கும் என்பது அவர் வாதம். அந்தக் காலத்துப் பிட்சர்களின் குணத்தைப் பார்த்தால் நம்பக்கூடிய வாதம்தான். பார்வையாளர் ஒருவர் சொந்தக் கேமராவில் எடுத்த படம் பல பத்தாண்டுகள் கழித்து வெளியே வந்தது. அதில் கை நீள்வது தெரிகிறது. வேலியைக் காட்டினாரா, பிட்சரைக் காட்டினாரா, எதிர் பெஞ்சைப் பார்த்து "இன்னும் ஒரு பந்து இருக்குடா" என்றாரா என்பது தெரியவில்லை. என் கணிப்பு மூன்றாவது. நன்றாகத் திட்டு வாங்கிய மனிதர், திரும்பத் திட்டிவிட்டு, அடித்தும் காட்டினார். அதுவே போதாதா?

ஜானி சில்வெஸ்டர் கதையும் இப்படித்தான். சாகக் கிடந்த சிறுவனின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ரூத் ஹோம் ரன் வாக்குக் கொடுத்தார், பையன் பிழைத்தான் என்று பரவியது. 1926-ல் நியூ ஜெர்சியில் 11 வயது ஜானிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது உண்மை. யாங்கீஸ் வீரர்கள் கையெழுத்திட்ட பந்து அவனுக்கு வந்ததும் உண்மை, அந்த உலகத் தொடரின் நாலாவது ஆட்டத்தில் ரூத் மூன்று ஹோம் ரன் அடித்ததும் உண்மை. ஆனால் ரூத் அவனை நேரில் பார்த்தது தொடர் முடிந்த பிறகு, பையனுடைய வீட்டில். ஜானி நன்றாகப் பிழைத்து 1990 வரை வாழ்ந்தார். இதில் பொய் என்று தூக்கி எறிய ஒன்றுமில்லை. வரிசையைத்தான் ஊர் மாற்றிவிட்டது.

நம்மவர்களுக்காக ஒரு கொசுறு: அதே 1932-ல் அமெரிக்கா போன டான் பிராட்மேன், யாங்கீ ஸ்டேடியத்தில் ரூத்துடன் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறார்.

கெரிக்கை வேகமாகத் தாண்டுகிறேன். 1925 முதல் 1939 வரை ஓர் ஆட்டம் கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடினார். நரம்பைத் தின்னும் ஏ.எல்.எஸ். நோய் அவரை நிறுத்தியது. 1941-ல் 37 வயதில் இறந்தார். அவர் இடத்தில் முன்பு ஆடிக்கொண்டிருந்த வாலி பிப் தலைவலி என்று ஒருநாள் லீவு போட்டதால் வேலையே போனது என்று ஒரு கதை உண்டு. இன்றைக்கும் அமெரிக்க அலுவலகங்களில் லீவு கேட்பவரை இதைச் சொல்லி மிரட்டுவார்கள். உண்மையில் அன்று அணி தோற்றுக்கொண்டிருந்தது, மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் பலரைச் சேர்த்தே மாற்றினார். பிப்புக்குத் தலையில் அடிபட்டது அதற்கு ஒரு மாதம் கழித்து, பயிற்சியின்போது. தலைவலி முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

டெட் வில்லியம்ஸின் பெரிய கதைக்கு மிகைப்படுத்தல் தேவையே படவில்லை. 1941-ல் பாஸ்டனுக்கு ஆடிய அவருக்கு வயது 23. ஒரு பருவம் முழுக்க .400 சராசரி என்பது அப்போதே அரிதாகிவிட்டது. கடைசி நாளன்று அவருடைய சராசரி .39955. முழுமையாக்கினால் .400 என்றே எழுதுவார்கள். மேனேஜர் ஜோ குரோனின், "வேண்டுமானால் நீ இன்று உட்கார்ந்துகொள்" என்றார். முந்தின இரவு வில்லியம்ஸ் அணியின் உடைமாற்றும் அறை ஊழியர் ஜானி ஒர்லாண்டோவுடன் ஃபிலடெல்ஃபியா தெருக்களில் நெடுநேரம் நடந்து இதையே பேசிக்கொண்டிருந்தார். மறுநாள், செப்டம்பர் 28, அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் ஆடினார். எட்டு வாய்ப்பில் ஆறு முறை அடித்தார். சராசரி .406. அதன்பிறகு அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒரு பருவத்தை யாரும் .400-ல் முடிக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது மட்டும் அவருக்கு இல்லை. தொடர்ந்து 56 ஆட்டங்களில் அடித்த யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்குப் போனது. இரண்டு போர்களில் விமானியாகப் போனதில் வில்லியம்ஸின் ஆட்ட வாழ்க்கையில் ஏறக்குறைய ஐந்து பருவங்கள் கரைந்தன. 1953-ல் கொரியாவில் குண்டடிபட்டு எரியும் விமானத்தை வயிறு தரையில் உரசும்படி இறக்கித் தப்பித்தார்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்தது இதற்கெல்லாம் இல்லை. 1966-ல் அவரை பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். கூப்பர்ஸ்டவுனில் நடந்த அந்த விழாவில் யாரும் கேட்காமலே ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார்: நீக்ரோ லீக் வீரர்களான சாட்செல் பெய்ஜும் ஜாஷ் கிப்ஸனும் ஒருநாள் இங்கே இடம்பெற வேண்டும், வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்தால்தான் அவர்கள் இங்கே இல்லை. அன்றைய தேதியில் ஒரு வெள்ளை நட்சத்திரம் அந்த மேடையில் சொல்லக்கூடிய பேச்சு இல்லை அது. வில்லியம்ஸின் அம்மா வழி மெக்சிகோ வம்சம் என்பதையும், அதை அவர் வெளியே அதிகம் பேசியதில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

இப்போது பெய்ஜ். அலபாமாவின் மொபில் நகரில் 1906-ல் பிறந்தவர் என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அவரைக் கேட்டால் வேறு வேறு வயது சொல்வார். பிறந்த தேதி எழுதியிருந்த குடும்ப பைபிளை ஆடு தின்றுவிட்டது என்பது அவர் தயாராக வைத்திருந்த பதில். சிறுவனாக ரயில் நிலையத்தில் பெட்டி படுக்கை தூக்கியதால் வந்த பெயர்தான் சாட்செல், அதாவது பை. சில்லறைத் திருட்டுக்குப் பிடிபட்டு ஐந்து ஆண்டுகள் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தார். பந்து வீசக் கற்றது அங்கேதான். 1926-ல் சட்டநூகாவில் தொழில்முறை ஆட்டம். அப்புறம் பிட்ஸ்பர்க், கேன்சஸ் சிட்டி, வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க், கியூபா, மெக்சிகோ என்று யார் காசு கொடுத்தாலும் போய் வீசினார். 1937-ல் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ரூஹியோவின் பெயரில் ஓடிய அணிக்குப் போனார். மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள், தோற்றால் உயிர் போகும் என்று நினைத்தோம் என்று பிற்காலத்தில் சொல்வார். அணி ஜெயித்தது உறுதி. துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் கூடியிருக்கும் என்பது என் சந்தேகம்.

ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடுவதுதான் அந்த வீரர்களின் வயிற்றுப்பாடு. போஸ்டரில் பெய்ஜ் பெயர் இருந்தால் டிக்கெட் விற்கும். கூட்டத்தைக் கிளப்ப ஃபீல்டர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டு, எதிரணியின் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்குவார். இது நடந்ததுதான், சிறு ஊர் அணிகளோடு ஆடிய காட்சி ஆட்டங்களில் பல முறை. பயிற்சியில் சூயிங்கம் காகிதத்தைத் தரையில் போட்டு அதன்மேல் பந்தைப் போகவைப்பார். வீசுவதற்கு நடுவில் கையை ஒரு கணம் நிறுத்தி அப்புறம் விடும் பந்து ஒன்று வைத்திருந்தார். அதைப் பார்த்துக் குழம்பிப் பேட்டர்கள் பந்து வரும் முன்பே மட்டையைச் சுழற்றிவிடுவார்கள். பிற்பாடு அமெரிக்கன் லீக் அந்தப் பந்துக்குத் தடையே போட்டது.

டிமாஜியோ யாங்கீஸில் சேருவதற்குச் சற்று முன், 1936-ல், கலிபோர்னியாவில் அவரைப் பெய்ஜுக்கு எதிராக நிறுத்திப் பரிசோதித்தார்கள். நாலு வாய்ப்பில் ஒருமுறை தட்டுத்தடுமாறி பேஸுக்குப் போனார் டிமாஜியோ. பெய்ஜிடம் நாலுக்கு ஒன்று எடுத்தான், நாம் எதிர்பார்த்த பையன்தான் என்று யாங்கீஸுக்குத் தந்தி போனது. அப்படி உரைகல்லாக இருந்த மனிதருக்கு மேஜர் லீக்கின் கதவு மூடியே இருந்தது.

1947 ஏப்ரல் 15-ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி அந்தக் கதவைத் திறந்தார். படித்தவர், ராணுவ அதிகாரியாக இருந்தவர், 28 வயது. பெய்ஜுக்கு அது வலித்தது, முதல் ஆளாகத் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று இருந்தவர். மறு ஆண்டு ஜூலையில், 42 வயதில், மேஜர் லீக்கின் கிளீவ்லேண்ட் அணி உரிமையாளர் பில் வீக் அவரைக் கூப்பிட்டார். விளம்பரத்துக்காக ஒரு கிழவனைக் கூட்டி வந்து ஆட்டத்தைக் கேவலப்படுத்துகிறார் என்று பேஸ்பாலின் பெரிய பத்திரிகை ஆசிரியர் ஸ்பிங்க் எழுதினார். இங்கிருந்து கதை நிற்கிறது, கணக்கு ஆரம்பிக்கிறது. 1948 ஆகஸ்ட் 20 இரவு, கிளீவ்லேண்டில் 78,382 பேர் முன்னிலையில் பெய்ஜ் முழு ஆட்டமும் வீசி சிகாகோவுக்கு ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. ஆட்டம் 1-0. அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி, அணிக்கு உலகப் பட்டம். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் வீக் ஸ்பிங்க்குக்குக் குறும்பாகத் தந்தி அடித்துக்கொண்டிருந்தார்: ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதுக்குப் பெய்ஜைப் பரிசீலிக்கவும்.

1965 செப்டம்பர் 25-ல் இன்னொரு ஆட்டம். கேன்சஸ் சிட்டி ஏஸ் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, கூட்டம் சேர்க்க 59 வயதுப் பெய்ஜை இறக்கினார். மைதானத்தின் ஓரம் ஆடும் நாற்காலி, பக்கத்தில் வெள்ளை உடையில் ஒரு நர்ஸ், கை தேய்த்துவிட. எல்லாம் கேலிக்கூத்துக்கான ஏற்பாடு. கிழவர் எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் வீசினார். பாஸ்டன் அணியால் ஒரு ரன் கூட எடுக்க முடியவில்லை. கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி மட்டும் ஒரு அடி அடித்தார். நாலாவது இன்னிங்ஸில் அவரை வெளியே எடுத்ததும் விளக்குகளை அணைத்து, கூட்டம் தீக்குச்சி கொளுத்திப் பாட்டுப் பாடியது. வந்திருந்தவர்கள் 9,289 பேர்தான். இது எதையும் நம்பத் தேவையில்லை, ஸ்கோர் அட்டை இருக்கிறது. 59 வயதில் இதைச் செய்தவர் 29 வயதில் என்ன செய்திருப்பார் என்று நினைத்தால், அந்தப் பழைய கதைகள் அவ்வளவு அபத்தமாகத் தெரியாது.

பெய்ஜ் தன்னைப் பற்றி மட்டும் அளந்துவிட்டவர் இல்லை. கூல் பாப்பா பெல் என்ற ஓட்டக்காரர் ஸ்விட்சைத் தட்டி அறை இருட்டாகும் முன் படுக்கையில் படுத்துவிடுவார் என்பது அவர் கிளப்பியதுதான். பெல் பிறகு விஷயத்தை உடைத்தார்: அந்த விடுதி அறையின் ஸ்விட்ச் பழுது, தட்டிச் சில நொடி கழித்துத்தான் விளக்கு அணையும். அதைக் கண்டுபிடித்த பெல், பெய்ஜிடம் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறார்! பெய்ஜ் ஸ்விட்சை மட்டும் மறைத்துவிட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜாஷ் கிப்ஸனைப் பற்றி இதைவிடப் பெரிய புளுகு உண்டு. பிட்ஸ்பர்க்கில் அவர் அடித்த பந்து கீழே வரவே இல்லையாம். மறுநாள் ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம். வானத்திலிருந்து ஒரு பந்து விழ, எதிரணி ஃபீல்டர் பிடிக்க, அம்பயர் கிப்ஸனைப் பார்த்து "நேற்று பிட்ஸ்பர்க்கில் நீ அவுட்" என்றாராம். 1942 நீக்ரோ லீக் உலகத் தொடரில் பெய்ஜ் வேண்டுமென்றே ஆட்களை நடக்கவிட்டு மூன்று பேஸையும் நிரப்பி, கிப்ஸனை வரவழைத்து, மூன்றே பந்தில் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார் என்பது இன்னொன்று. பேஸ்கள் நிறைந்திருக்க கிப்ஸன் அவுட் ஆனது நடந்தது. வேண்டுமென்றே நடக்கவிட்டாரா என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை.

கிப்ஸனுக்கு 1948 வாய்க்கவில்லை. 1947 ஜனவரியில், ராபின்சனின் முதல் ஆட்டத்துக்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்தார். வில்லியம்ஸ் பேசிய பிறகு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1971-ல் பெய்ஜை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க முடிவு செய்தார்கள். முதலில் தனிப் பிரிவு வைக்கிறோம் என்றார்கள். அங்கேயுமா தனி வரிசை என்று எதிர்ப்புக் கிளம்பியதும் முழு உறுப்பினராக்கினார்கள். கிப்ஸன் 1972-ல் சேர்க்கப்பட்டார். அவருடைய பலகையில் லீக்கிலும் வெளி ஆட்டங்களிலும் 'ஏறக்குறைய 800' ஹோம் ரன் என்று இருக்கிறது. லீக் ஆட்டங்களில் மட்டும் உறுதியானவை 200-க்கும் குறைவு. மற்றவை காட்சி ஆட்டங்களில் போனவை.

அப்புறம் வந்ததுதான் உண்மையான திருப்பம். பழைய கறுப்பினப் பத்திரிகைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் புரட்டி, ஆட்டம் ஆட்டமாக ஸ்கோர் அட்டைகளைச் சேகரித்தார்கள். 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக்காக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2024 மே மாதம் அந்த எண்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் ஏறின. வாழ்நாள் சராசரியில் இப்போது முதலிடம் கிப்ஸனுக்கு, .372. பல தலைமுறைகளாக முதலிடத்தில் இருந்த டை காப், .367-உடன் இரண்டாமிடம். 1943-ல் கிப்ஸனின் சராசரி .466. வில்லியம்ஸின் .406 அதற்குக் கீழே போய்விட்டது.

இதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிப்ஸனின் அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்கள் வில்லியம்ஸ் ஆடியதில் பாதியளவுதான். ஆட்டம் குறைந்தால் சராசரி மேலேயும் கீழேயும் தாவும். சேகரித்த கணக்கும் முழுசாக இல்லை, முக்கால் பங்கு அளவுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதனால் .466 பெரிதா, .406 பெரிதா என்று சண்டை போடுபவர்களோடு நான் சேருவதில்லை. நான் கவனிப்பது இன்னொன்று. அட்டைகளைத் தேடி எடுத்துக் கூட்டிப் பார்த்தபோது, கிப்ஸனைப் பற்றிய பேச்சு சுருங்கியிருக்கலாம். ரூத்தின் கை நீட்டலும் பிப்பின் தலைவலியும் அப்படித்தான் சுருங்கின. ஆனால் கிப்ஸன் பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்றீர்களே, 1948 ஆகஸ்ட் 20, 1965 செப்டம்பர் 25 ஆகிய இரண்டு ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் அதைப் பாருங்கள். ஆடு தின்ற பைபிளுக்கு அப்புறம் வரலாம்.